ஆறு வெள்ளிப் புழுவும் அரைக் கிலோ கெம்போங்கும்

சிங்கப்பூரில் சனிக்கிழமைகளில் பதினோரு மணிக்கு மேல்தான் நான் தூண்டிலுக்கு இரை வாங்க ஈரச்சந்தைக்குப் போவேன். குழம்புக்கு மீன் வாங்குபவர்கள் ஏழு மணிக்கே வந்து நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். பதினோரு மணிக்குக் கடைக்காரர்கள் ஐஸை வாரிக் கொட்டிவிட்டுத் தட்டுகளைக் கழுவத் தொடங்குவார்கள். அப்போது மிச்சமாகக் கிடப்பதுதான் எனக்கு வேண்டும். வயிறு கொஞ்சம் தளர்ந்த கெம்போங் (கானாங்கெளுத்தி மீன்), கால் அறுந்த கணவாய், தலை கழன்ற இறால். நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரச் சீனப் பெரியவர் என்னைப் பார்த்ததும் "உம்பான்?" என்று மலாயில் கேட்பார். இரைக்கா என்று பொருள். தலையை ஆட்டினால் போதும், தட்டில் இருப்பதை ஒரே பையில் தள்ளி ஒரு விலை சொல்லுவார். பெரும்பாலும் மூன்று, நான்கு வெள்ளிக்குள், அதாவது சிங்கப்பூர் டாலருக்குள், முடிந்துவிடும்.

இதை எழுத வைத்தது என் அண்ணன் மகன். உயர்நிலை மூன்றில் படிக்கிறான். போன மாதம் தீபாவளிக்குக் கிடைத்த காசில் இருபது வெள்ளியை எடுத்து, தனியாகவே போய் உயிர் இறால் வாங்கியிருக்கிறான். ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் இறாலுமாக வாங்கி, இரண்டு பேருந்து மாறி, நாங்கள் தூண்டில் போடும் கடல் மேடையான பிடோக் ஜெட்டிக்கு வந்து சேர்ந்தான். பையைத் திறந்தபோது ஐந்தாறு இறால்தான் காலை அசைத்துக்கொண்டிருந்தன. மற்றதெல்லாம் வெளுத்துப்போய் அடியில் கிடந்தன. "அத்தை, எல்லாம் செத்துப்போச்சு" என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தப்பு அவனுடையது இல்லை. அத்தனை இறாலைச் சின்னப் பையில் போட்டால், வெயிலில் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரைந்திருக்கும். இருக்கிற கொஞ்சத்துக்கும் முப்பது இறால் போட்டி போடும். விற்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உயிர் இறால் வாங்குவதானால் வாய் அகலமான வாளி வேண்டும், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு வேண்டும், ஜெட்டிக்கு வந்ததும் கயிற்றில் வாளி இறக்கிப் புதுக் கடல்நீர் மொண்டு மாற்ற வேண்டும். இவ்வளவும் இருந்தால் பத்து இறால் வாங்கினாலே ஓர் இரவுக்குக் காணும். இல்லாவிட்டால் முப்பது வாங்கியும் பயன் இல்லை.

அந்தச் செத்த இறாலை நான் கடலில் கொட்ட விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கல்லுப்பில் புரட்டி வைத்தேன். அதை வைத்தே அவன் அதற்குப் பிறகு மூன்று முறை மீன் பிடித்தான். அதை எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன்.

நான் பள்ளி உணவகத்தில் ஒரு கடை நடத்துகிறேன். ஒரு தட்டு மீ கோரெங்குக்கு எண்ணெய் எவ்வளவு, முட்டை எவ்வளவு, கோழி எவ்வளவு என்று அடக்க விலை போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் அதே நோட்டின் பின்பக்கத்தில் இரைக்கும் கணக்கு எழுதத் தொடங்கினேன். என்ன இரை, என்ன விலை, எத்தனை முறை வீசினேன், தூண்டில் முள்ளில் எவ்வளவு நேரம் நின்றது, என்ன மீன் வந்தது. நான்கைந்து சனிக்கிழமை எழுதியதுமே ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. இரையின் விலையைப் பொட்டலத்துக்கு எவ்வளவு என்று பார்க்கக்கூடாது. அது தண்ணீருக்குள் முள்ளில் இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்க்க வேண்டும். இரை போன முள்ளைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு மீன் வராது.

புழுவை எடுத்துக்கொள்வோம். தூண்டில் கடைகளில் பம்புன் என்று மலாய்ப் பெயரிலேயே விற்கும் கடற்புழு. நான் கடைசியாக வாங்கியபோது ஒரு பொட்டலம் ஆறு வெள்ளி. புழுவைப் போல மீனை இழுக்கும் இரை வேறு இல்லை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஜெட்டி முனையில் ஒரு முழுப் புழுவைக் கோத்து இறக்கினால், கீழே காத்திருக்கும் பொடி மீன்கள் ஐந்து நிமிடத்தில் முள்ளைத் துடைத்து வைத்துவிடும். பேத்தை மீன் வந்தால் இன்னும் மோசம். அந்தப் பற்கள் புழுவோடு தூண்டில் நரம்பையும் கடித்துத் துண்டித்துவிடும். பேத்தையில் நஞ்சு இருப்பதால் பிடிபட்டாலும் சட்டிக்கு ஆகாது. என் நோட்டின்படி அந்த ஆறு வெள்ளி ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்தது. வந்தவை இரண்டு விரல் நீள மீன்கள் நான்கு. நான்கையும் திரும்ப விட்டேன்.

அடுத்த வாரம் உறைந்த கணவாய் ஒரு பொட்டலம். ஐந்து வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. பாதிதான் எடுத்துப் போனேன். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றரை வரை அது போதுமானதாக இருந்தது, மூன்று துண்டு மிச்சம்கூட இருந்தது. கணவாய்ச் சதை தோல் மாதிரி இறுக்கம். பொடி மீன் கொத்தும், இழுக்கும், ஆனால் பிய்த்துக்கொண்டு போக முடியாது. ஒரே துண்டு நாற்பது நிமிடம் நின்றதும் உண்டு. அன்றைக்கு ஒரு களவாயும் இரண்டு கெளுத்தியும் வந்தன.

கணவாயை வெட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். சமையலுக்குப் போல வளையம் வளையமாக நறுக்கி, உருண்டையாக முள்ளில் திணிப்பார்கள். முள்ளின் நுனி சதைக்குள் மறைந்துவிடும். மீன் கடித்தாலும் குத்தாது. குழலை ஒரு பக்கம் கீறி விரித்து, சுண்டுவிரல் நீளத்துக்கு, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை கூராகவும் நாடா போல வெட்ட வேண்டும். அகல முனையில் ஒரே ஒரு குத்து. மீதி தண்ணீரோட்டத்தில் ஆடட்டும். ஆடுவதைப் பார்த்துத்தான் மீன் வரும். அப்புறம், கணவாயைக் கழுவாதீர்கள். மையும் உள்ளே இருக்கும் பிசுபிசுப்பும்தான் மணம். வீட்டில் சுத்தமாகக் கழுவிப் பழகிய கைக்கு இது சிரமமாக இருக்கும், ஆனாலும் கழுவாதீர்கள். கால்களோடு இருக்கும் தலையைத் தூக்கிப் போடாமல் தனியாக வையுங்கள். பெரிய முள்ளுக்கு அதைவிட நல்ல இரை கிடையாது.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்கு ராடும் ரீலும் கிடையாது. பால்டின்னில் தங்கூசி என்ற தூண்டில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். கையாலேயே சுழற்றி வீசுவார். அவருடைய இரை, அம்மா இறால் குழம்பு வைத்த நாளில் ஒதுக்கி வைக்கும் தலையும் ஓடும்தான். இரைக்கென்று அவர் ஒரு காசு செலவழித்து நான் பார்த்ததில்லை. மீனின் பெயரையெல்லாம் அவர் ஊர்ப் பெயரிலேயே சொல்வார். சந்தையில் எல்லாரும் கெம்போங் என்பது அவருக்குக் கானாங்கெளுத்தி. தம்பான் என்பது சூடை. சியாக்காப் என்றால் கொடுவா, தெங்கிரி என்றால் வஞ்சிரம், டூரி என்றால் கெளுத்தி, பாரி என்றால் திருக்கை. எனக்கு இரண்டும் கலந்துதான் வாயில் வருகிறது. சந்தையில் மலாயில் கேட்டு வாங்குவேன், தூண்டிலில் வந்ததும் அப்பாவின் பெயர்தான் வரும். அண்ணன் மகனுக்கும் இரண்டு பெயரையும் சொல்லித் தருகிறேன். ஜெட்டியில் பக்கத்தில் நிற்கும் பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவரிடம்) என்ன கடிக்கிறது என்று கேட்கவும் தெரிய வேண்டும், தாத்தாவின் சொல்லும் தெரிய வேண்டும்.

கெம்போங்தான் என் கணக்கில் முதலிடம். அரைக் கிலோ வாங்கினால் நான்கைந்து மீன் நிற்கும். கொஞ்சம் பழசானால் இன்னும் மலிவு, ஆனால் சதை கையில் ஒட்டும் அளவுக்குக் கெட்டிருந்தால் வாங்காதீர்கள். அது முள்ளில் நிற்காது, முதல் வீச்சிலேயே பறந்துவிடும். கெம்போங்கில் எண்ணெய் அதிகம். அந்த எண்ணெய் தண்ணீரில் கசிந்து வெகுதூரம் போகும். கெளுத்தியின் மீசை முழுவதும் சுவையறியும் மொட்டுகள். இருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் அது சுவையைப் பிடித்துக்கொண்டே இரையிடம் வந்துவிடும்.

பச்சையாகக் கோத்தால் கெம்போங் சதை சீக்கிரம் கரைந்துவிடும், அதனால்தான் உப்பு. முள்ளெலும்பை நீக்கி இரண்டு பக்கச் சதையையும் தோலோடு எடுங்கள். விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கல்லுப்பு ஒரு படலம், மீன் ஒரு படலம், மறுபடி உப்பு என்று அடுக்கி மூடிக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் பார்த்தால் அடியில் தண்ணீர் கட்டியிருக்கும். சதைக்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது. அதை வடித்துவிட்டால் துண்டுகள் கருவாட்டுக்கும் பச்சை மீனுக்கும் நடுவில் ஒரு பதத்தில், ரப்பர் போல இருக்கும். உறைபெட்டியில் போட்டாலும் உப்பு ஏறியதால் கல்லாக இறுகாது. தேவையான அளவு எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப வைக்கலாம். கோக்கும்போது முள் தோல் வழியாக வர வேண்டும். தோல்தான் பிடி. வயிற்றுப் பக்கம் வெள்ளியாக மினுங்கும் துண்டுகள் இன்னும் வலுவானவை, அவற்றை நான் கடைசிக்கு என்று சேர்த்து வைப்பேன்.

இறாலுக்கும் இதே முறைதான். ஓட்டை உரித்து, உப்பில் புரட்டி, ஓர் இரவு. ஓடும் தலையும் தனிப் பையில். தலைகளை இடித்து அந்தச் சாற்றில் கோழித் தோலை ஊறவைப்பேன். கோழித் தோல் எனக்குக் காசே இல்லாமல் கிடைக்கிறது, ஏனென்றால் பள்ளிக் கடையில் தோலை உரித்துத்தான் சமைக்கிறேன். தோல் ஒன்றுதான் முள்ளிலிருந்து விழவே விழாத இரை. வெறும் தோலுக்குக் கடலில் மணம் பற்றாது. இறால் தலைச் சாற்றில் ஊறிய பிறகு கெளுத்தி அதை விடுவதில்லை. இந்த இரண்டையும் சேர்க்கலாம் என்று தோன்றிய நாளை நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கெளுத்தியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலிவான மண இரை போட்டால் அது வரத்தான் செய்யும். முதுகிலும் இரண்டு பக்கவாட்டுத் துடுப்பிலும் நஞ்சுள்ள முள் இருக்கும். வெறும் கையால் தொடாதீர்கள். நீளமூக்குக் கொறடு ஒன்று பையில் இல்லாமல் நான் ஜெட்டிக்குப் போவதில்லை.

பணமே கொடுக்காமல் கிடைக்கும் இரையும் அங்கேயே நீந்திக்கொண்டிருக்கிறது. பிடோக் ஜெட்டி 1966இல் கட்டியது, கிட்டத்தட்ட 250 மீட்டர் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் தூண்களை ஒட்டித் தம்பான் கூட்டம் கூட்டமாகச் சுற்றும். அவற்றைப் பிடிக்கச் சபிக்கி என்று ஒரு கோவை விற்கிறார்கள். ஒரே நரம்பில் ஐந்தாறு பொடி முள், ஒவ்வொன்றிலும் மினுங்கும் தோலோ நூலோ கட்டியிருக்கும். இரை எதுவும் வேண்டாம், மேலும் கீழுமாக ஆட்டினாலே போதும். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருவார். அவர் கடையில் வாங்குவதே இல்லை. பரிசுப் பொட்டலத்தில் சுற்றி வரும் மினுக்கு நாடாவை நீளமாகக் கிழித்துப் பொடி முள்ளில் நூலால் கட்டி, தானே கோவை செய்துகொள்கிறார். "ஊர்ல இப்படித்தான்க்கா, காசு குடுத்தா வாங்குவாக?" என்று கேட்டு எனக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தார். அதில் ஒரே இறக்கலில் மூன்று தம்பான் ஏறியது. உயிருள்ள தம்பானை மூக்கருகே ஒரு குத்துக் குத்தி மிதவையில் ஓட்டிவிட்டால், சீலாவோ பாறை மீனோ, பருவம் நன்றாக இருந்தால் வஞ்சிரமோ வந்து அடிக்கும். அவர் சம்பளத்தை நான் கேட்டதில்லை. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு ஓய்வு நாளில் அவர் முகத்தில் அந்த நேரம் தெரியும் சந்தோஷத்துக்கு ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் புழுவே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். சாங்கி, பாசிர் ரிஸ் மாதிரி மணல் கரையில் நின்றுகொண்டு கெம்போங் துண்டைப் போட்டால் வெறுமனே நிற்க வேண்டியதுதான். அங்கே மேய்வது கிழங்கான். அதன் வாய் சின்னது, மணலுக்குள் புழு தேடித் தின்றே வளர்வது. அதற்குப் புழுதான் சரி. ஆனால் முழுப் புழு தேவையில்லை. கத்தரிக்கோலால் நகத்தளவு வெட்டி, பொடி முள்ளின் நுனியை மட்டும் மூடினால் போதும். ஜெட்டியில் ஒன்றரை மணி நேரத்தில் கரைந்த அதே ஆறு வெள்ளிப் பொட்டலம், மணல் கரையில் ஒரு முழுக் காலைப்பொழுதுக்கு வந்தது. இரண்டு பேருக்கு.

கரையிலேயே புழு தோண்டிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் தோண்டுவதில்லை. நம் கரை ரொம்பச் சின்னது. தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆளாளுக்கு மண்வெட்டியோடு இறங்கினால் அங்கே என்ன மிஞ்சும்? ஆறு வெள்ளியை மிச்சம் பிடிக்க அதைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை.

இன்னொன்று, இந்த இரையெல்லாம் கடலுக்கு மட்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பிடோக் நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கே தூண்டில் போட அனுமதித்த இடங்களிலும் செயற்கை இரையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. ரொட்டித் துண்டோ புழுவோ கூடாது. அது குடிக்கிற தண்ணீர். கடற்கரைப் பூங்காக்களிலும் எல்லா இடத்திலும் போட முடியாது. பலகையைப் பார்த்துவிட்டு நில்லுங்கள். அறுந்த தங்கூசியைச் சுருட்டிப் பையில் வையுங்கள். பறவையின் காலில் அது சிக்கினால் அவ்வளவுதான்.

கிழியாமல் நிற்க இரையின் மேல் மெல்லிய ரப்பர் நூலைச் சுற்றுவதும் உண்டு. உப்புப் போட்ட இரைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது, இறாலுக்கு மட்டும் இரண்டு சுற்றுச் சுற்றுவேன்.

இரையின் செலவில், தூண்டிலை அடியில் நிறுத்தும் ஈயக் குண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கொஞ்ச நாளாகத் தோன்றுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஜெட்டிக்குக் கீழே தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். இலேசான குண்டு போட்டால் உருண்டுபோய்ப் பாறையில் சிக்கி, முள், குண்டு, இரை எல்லாம் போய்விடும். மூன்று வெள்ளியில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். அப்படிப்பட்ட நாளில் நான் கனமான குண்டு போட்டு, இரையைச் சின்னதாக வெட்டுவேன். பெரிய துண்டு பாய்மரம் போலத் தண்ணீரைப் பிடித்து இழுக்கும்.

இப்போது என் உறைபெட்டியில் இரண்டு டப்பா உப்புக் கெம்போங், ஒரு பை கணவாய்த் தலை, இறால் சாற்றில் ஊறிய கோழித் தோல் கொஞ்சம் இருக்கிறது. டப்பாவின் மேல் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறேன், மருமகள் தெரியாமல் குழம்புக்கு எடுத்துவிடக்கூடாது என்று. வருகிற சனிக்கிழமை ஜெட்டிக்குப் போகவில்லை. கிழங்கான் பிடிக்க வேண்டும் என்று அண்ணன் மகன் ஆசைப்படுகிறான். ஒரு பொட்டலம் புழுவுக்கு அவன் மூன்று வெள்ளி, நான் மூன்று வெள்ளி. காலை ஆறரைக்குச் சாங்கிக் கரையில் சந்திப்பதாகப் பேசியிருக்கிறோம். வெட்டுகிற கத்தரிக்கோலை இப்போதே அவன் பையில் வைத்துவிட்டேன்.